நீட்டிப்பு வாரண்டிக்கு வரி 18 சதவீதமா, 40 சதவீதமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 தீபாவளிக்கு முந்திய வாரத்தில், புதுக் கார் வாங்கும் முடிவோடு இருந்த என் மருமகனுடன் ஒரே நாளில் இரண்டு ஷோரூம்களுக்குப் போய்வந்தேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் வண்டிகளை விற்பவை. நாங்கள் கேட்டதும் ஒரே வண்டி, ஒரே ரகம், நிறம்கூட ஒன்றுதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கொட்டேஷன் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, வண்டி விலையிலும் பதிவுச் செலவிலும் வித்தியாசம் எதுவும் இல்லை. காப்பீட்டில் சில நூறு ரூபாய்தான் முன்னேபின்னே இருந்தது. ஆனால் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்கான நீட்டிப்பு வாரண்டி என்ற வரியில் ஒரு தாளில் 42,000 ரூபாய் என்றும் மற்றொன்றில் 35,400 ரூபாய் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டுக்கும் எதிரில் ‘வரி உட்பட’ என்ற ஒரே குறிப்பு. இரண்டு இடத்திலும் எங்களுக்குக் காட்டிய வாரண்டிப் புத்தகமும் ஒன்றே. அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்தது.

நான் உதிரிபாகக் கடையொன்றிலும் பிறகு ஒரு வாகனப் பணிமனையிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வரி உட்பட என்று ஒரு தொகையைப் பார்த்தால், வரியைக் கழற்றிவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. 35,400ஐ 118ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் சரியாக 30,000 வருகிறது. 42,000ஐ 140ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினாலும் அதே 30,000தான். (35,400இல் 18 சதவீதம் என்று 6,372 ரூபாயை வரியாகக் கணக்கிடுபவர்கள் உண்டு, அது தவறு, உள்ளே இருக்கும் வரி 5,400 ரூபாய்தான்.) ஆக, வாரண்டியின் விலையில் இரண்டு ஷோரூம்களுக்கும் பேதமே இல்லை. ஒருவர் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார், மற்றவர் 40 சதவீதம் போட்டிருக்கிறார். வித்தியாசமான 6,600 ரூபாய் முழுவதும் வரிதான்.

மறுநாள் முதல் ஷோரூமைத் தொலைபேசியில் கேட்டேன். “கார் பில்லோட சேர்ந்து வர்றதால காருக்கு உள்ள ரேட்டுதான் சார், எங்க அக்கவுண்ட்ஸ்ல அப்படித்தான் சொல்றாங்க” என்றார் விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி. இரண்டாவது ஷோரூமில், “வாரண்டி சர்வீஸ்தானே சார், பதினெட்டுதான்” என்று முடித்துவிட்டார்கள். இருவரும் ஏமாற்றும் எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பதில்களுக்குமே அரசின் சுற்றறிக்கையில் இடம் இருக்கிறது என்பதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நீட்டிப்பு வாரண்டிக்கு வரி உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்பதே பதில். அதில் குழப்பத்துக்கு இடமில்லை. வண்டியோடு இலவசமாக வரும் முதல் வாரண்டிக்குத் தனியாக வரி கிடையாது, ஏனென்றால் அதன் செலவு வண்டியின் விலைக்குள்ளேயே அடங்கி, வண்டிக்கான வரியோடு வரியாகக் கட்டப்பட்டுவிடுகிறது. நீட்டிப்பு வாரண்டிக்கு நாம் தனியாகப் பணம் கொடுக்கிறோம்; பணம் கைமாறும் இடத்தில் ஜிஎஸ்டியும் வந்து நிற்கும். குழப்பமெல்லாம் எந்த விகிதத்தில் என்பதில்தான்.

மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம், ஜிஎஸ்டி மன்றத்தின் 50ஆவது கூட்டம் முடிந்த கையோடு, 2023 ஜூலை 17 அன்று 195ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. பொருளை வாங்கும்போதே நீட்டிப்பு வாரண்டிக்கும் ஒப்பந்தம் செய்துகொண்டால், அதற்கான தொகை ‘கூட்டு வழங்கல்’ என்ற வகையில் பொருளின் மதிப்போடு சேரும், அங்கே முதன்மையானது பொருள் என்பதால் பொருளுக்குரிய வரியே முழுத் தொகைக்கும் பொருந்தும் என்று அது சொன்னது. பின்னொரு நாளில் வாங்கினால் அது தனி ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்தின் தன்மையைப் பார்த்து வரி என்றது. கார் வணிகத்தைத் தெரிந்தவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்டார்கள்: வண்டியை விற்பவர் டீலர், வாரண்டியைக் கொடுப்பவர் நிறுவனமோ வேறொரு மூன்றாம் தரப்போ, இரண்டு பேர் தரும் இரண்டு சங்கதிகள் எப்படி ஒரே வழங்கலாகும்? அதற்குப் பதிலாகத்தான் 2024 ஜூன் 26 அன்று 216ஆம் எண் சுற்றறிக்கை வந்தது. பொருளை விற்றவரும் நீட்டிப்பு வாரண்டி கொடுப்பவரும் வெவ்வேறு ஆட்களானால், ஒரே நாளில் வாங்கியிருந்தாலும் வாரண்டி தனிச் சேவை, சேவைக்குரிய வரிதான். பின்னாளில் வாங்கினாலும் சேவைதான். வண்டி விற்ற அதே ஆளிடம் அதே நேரத்தில் வாரண்டியும் வாங்கினால் மட்டும் பழையபடி பொருளோடு சேரும்.

அதாவது வாரண்டியின் வரியைத் தீர்மானிப்பது வாரண்டி அல்ல; அதை வாங்கிய நாளும் கொடுத்த ஆளும்தான். இந்த இரண்டில் நாளை வாங்குபவர் அறிவார். ஆள் யார் என்பதை அறிய அவருக்கு எளிதான வழி இல்லை.

எங்கள் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பணத்தை வாங்கிப் பில் போடுவது டீலர். நிறுவனத்தின் சார்பில் டீலர் வெறும் வசூல்காரராக நிற்கிறாரா, அல்லது நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கித் தன் பெயரில் நமக்கு விற்கிறாரா என்பது அவர்கள் இருவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தில் இருக்கிறது; அந்த ஒப்பந்தத்தை எந்த வாடிக்கையாளரும் பார்த்ததில்லை. முதல் வகையானால் 18 சதவீதம் என்பது நிச்சயம். இரண்டாம் வகையானால் முதல் ஷோரூமின் கணக்கர் 40 போட்டதைத் தவறு என்று அடித்துச் சொல்ல என்னாலும் முடியாது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் 40 போட்டிருப்பேனோ என்னவோ. குறைத்துப் போட்டு, நாளைக்குத் தணிக்கையில் அதிகாரி ‘இது கூட்டு வழங்கல்’ என்று சொல்லிவிட்டால், விட்டுப்போன வரியையும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியையும் டீலர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அப்போது வாடிக்கையாளரைத் தேடிப் போய் வாங்க முடியாது. கூட்டிப் போட்டுவிட்டால் அந்தத் தொகை அரசுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், கணக்கருக்குத் தலைவலி இல்லை. டீலருக்கு இதில் ஒரு பைசா லாபம் கிடையாது. அவருடைய பயத்துக்கு வாங்குபவர் 6,600 ரூபாய் கட்டுகிறார், அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 22க்குப் பிறகு காருக்கான விகிதங்கள் மாறிவிட்டதால் இந்தச் சங்கடத்தின் உருவமும் மாறியிருக்கிறது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்கு மிகாத எஞ்சினும் உள்ள சிறிய கார்களுக்கு இப்போது 18 சதவீதம். இந்த வண்டிகளுக்கு வாரண்டி தனியாக நின்றாலும் சேர்ந்து நின்றாலும் வரி ஒன்றே என்பதால் சிக்கல் தானாக மறைந்துவிட்டது. அதைவிடப் பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம்; மின்சாரக் கார்களுக்கு முன்போலவே 5 சதவீதம். மேலே சொன்ன 30,000 ரூபாய் வாரண்டியைச் சேர்த்து வாங்கினால் பெரிய காருக்கு 42,000, மின்சாரக் காருக்கு 31,500; எந்த வண்டியானாலும் தனியாக வாங்கினால் 35,400. பழைய விகிதம் இருந்த காலத்தில் நிலைமை இன்னும் மோசம். அப்போது 28 சதவீத வரியின் மேல் இழப்பீட்டு செஸ் என்று ஒன்று இருந்தது. பெரிய எஸ்யூவி வகைக்கு இரண்டும் சேர்ந்து 50 சதவீதம், சிறிய பெட்ரோல் காருக்கு 29 சதவீதம். 2023 சுற்றறிக்கைப்படி அந்த நாட்களில் எஸ்யூவியோடு சேர்த்து இதே வாரண்டியை எடுத்தவர் 45,000 ரூபாய் கட்டியிருப்பார். அவர் 2024இல் வாங்கியிருந்தால் நான்காம் ஆண்டு வாரண்டி 2027இல்தான் தொடங்கும் என்றாலும், பில்லும் பணமும் பழைய விகிதத்தின் காலத்திலேயே முடிந்துவிட்டதால் விகிதம் குறைந்ததன் பலன் அவருக்குக் கிடைக்காது. பணி நாளைக்கு, வரி நேற்றைய விகிதத்தில் என்பது இந்த வாரண்டிகளின் தலையெழுத்து.

வரித் துறையினர் ‘கூட்டு வழங்கல்’ என்று சொல்லும் கருத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் என் ஆட்சேபணை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 2ஆவது பிரிவின் 30ஆவது உட்பிரிவு, வணிகத்தின் வழக்கமான போக்கில் இயல்பாகவே ஒன்றோடொன்று பிணைந்து வழங்கப்படுபவற்றையே கூட்டு வழங்கல் என்கிறது. சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது: சரக்கைக் கட்டிப் பொதிந்து, காப்பீட்டோடு லாரியில் அனுப்பினால், கட்டும் பொருளும் வண்டி வாடகையும் காப்பீடும் எல்லாம் சரக்கைச் சார்ந்தவை. நியாயம்தான். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நார் இல்லாமல் பூவைத் தொடுக்க முடியாது, அதனால் நாருக்கு யாரும் தனி விலை சொல்வதில்லை.

நீட்டிப்பு வாரண்டி அந்த நாரா? வண்டி வாங்கும் எல்லோரும் அதை எடுப்பதில்லை. வேண்டாம் என்று சொன்னவருக்கு வண்டியைக் கொடுக்க மாட்டோம் என்று எந்த ஷோரூமும் சொல்வதில்லை. அன்றைக்கு வேண்டாம் என்றவர் முதல் வாரண்டி முடிவதற்குள் மனம் மாறினால், பல நிறுவனங்கள் கொஞ்சம் விலையைக் கூட்டி அப்போதும் கொடுக்கின்றன. தொடங்குவதே மூன்றாண்டு கழித்து. எடுப்பதும் விடுவதும் வாங்குபவர் இஷ்டம், எடுக்கும் காலமும் அவர் இஷ்டம், பயன் என்றோ ஒரு நாள் என்றால், இதில் இயல்பான பிணைப்பு எங்கே இருக்கிறது?

இதற்கு நேர் எதிராகக் காப்பீட்டைப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் புதுக் காரைப் பதிவு செய்யவே முடியாது. 2018 செப்டம்பர் முதல் அதை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். பெரும்பாலோர் அதையும் அதே ஷோரூமில், அதே மேசையில், அதே காசோலையில் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். ஆனாலும் அது காரின் விலையோடு சேர்வதில்லை. காப்பீட்டு நிறுவனம் தனியாக 18 சதவீதம் போட்டுத் தன் பெயரில் பாலிசி கொடுக்கிறது. அது சரிதான், கொடுப்பவர் வேறு ஆள். ஆனால் கட்டாயமாக வண்டியோடு வர வேண்டிய ஒன்று தனியாகவும், விருப்பப்பட்டால் மட்டும் எடுக்கும் ஒன்று வண்டியோடு ஒட்டிக்கொண்டும் நிற்கிறது என்றால், ‘இயல்பான பிணைப்பு’ என்ற சொல்லுக்கு மரியாதை எங்கே மிஞ்சியது என்று கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் இந்த இடத்தில் எளிமையான ஒரு கோடு போட்டிருக்கிறது: வண்டியோடு கட்டாயமாக வரும் வாரண்டிக்கு விற்பனை வரி உண்டு, வாங்குபவர் விருப்பத்தின் பேரில் எடுப்பதற்கு இல்லை. நம் ஊரில் வரியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கோடு போடும் இடம் அதுவாக இருக்கட்டும் என்கிறேன்.

ஒரு ஒப்பந்தத்துக்குள் இருக்கும் பொருளையும் பணியையும் எப்படிப் பிரிப்பது என்ற இந்தத் தகராறு நம் மாநிலத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவிலேயே பொது விற்பனை வரி முதன்முதலில் 1939இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது சென்னை மாகாணத்தில்தான் வந்தது. கட்டட ஒப்பந்தத்தில் உள்ள சிமெண்டுக்கும் மரத்துக்கும் அந்த வரியைப் போட முடியுமா என்று கேனன் டங்கர்லி நிறுவனத்துக்கும் சென்னை அரசுக்கும் நடந்த வழக்கில், பிரிக்க முடியாத ஒப்பந்தத்தில் பொருள் விற்பனை என்று ஒன்று இல்லை என 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சரிக்கட்ட 1982இல் அரசியல் சாசனத்தையே 46ஆவது முறையாகத் திருத்த வேண்டியிருந்தது.

வாரண்டியிலும் இதே கதைதான் நடந்தது. நான் பணிமனையில் இருந்த காலத்தில், வாரண்டியில் மாற்றிய பழைய பாகங்கள் ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணும் தேதியும் எழுதிய அட்டையைக் கட்டி, மாதக் கடைசியில் மரப்பெட்டியில் அடுக்கி நிறுவனத்துக்கு அனுப்புவோம். அங்கே அவற்றைப் பார்த்துவிட்டு, எங்கள் கையிருப்பிலிருந்து போட்ட புதுப் பாகத்துக்கு ஈடாக, அதன் தொகையை எங்கள் கணக்கில் வரவு வைத்ததாகச் சொல்லும் ஒரு கிரெடிட் நோட் அனுப்புவார்கள். அந்தச் சீட்டுகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டிருப்பேன். வாடிக்கையாளர் பணம் கொடுக்காத பாகத்துக்கு விற்பனை வரி எதற்கு என்று முதலாளி கேட்பார். கிரெடிட் நோட்டும் பணம் மாதிரிதான் என்று வரி அலுவலகம் சொல்லும். 2004இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த முகமது எக்ரம் கான் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரி அலுவலகத்தின் பக்கம் நின்றது. 2023 மே மாதம் டாடா மோட்டார்ஸ் வழக்கிலும், டீலர் தன் கையிருப்பிலிருந்து பாகத்தைப் போட்டுக் கிரெடிட் நோட் பெற்றால் அது விற்பனையே என்று அதையே உறுதிப்படுத்தியது. அந்த வரி டீலருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் முடிந்துவிடும். வண்டிக்காரர் தலையில் விழவில்லை. இப்போதைய நீட்டிப்பு வாரண்டிக் குழப்பத்தில் விழுவது வண்டிக்காரர் தலையில். அவர் தனக்காகக் கார் வாங்கிய சாதாரண மனிதரானால் கட்டிய வரியை எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது. தொழில் நடத்துபவரானாலும், வாடகை வண்டி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி போன்ற சிலவற்றைத் தவிர, காருக்குக் கட்டிய வரிக்குச் சட்டத்தின் 17ஆவது பிரிவு வரவு கொடுப்பதில்லை.

கட்ட வேண்டிய வரியோடு, கட்ட வேண்டாத வரியையும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் மைத்துனரின் காரில் நான்காம் ஆண்டு ஏசி கம்ப்ரஸர் போய்விட்டது. நீட்டிப்பு வாரண்டி இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டியை எடுக்கப் போனபோது, “பார்ட் ஃப்ரீதான் சார், அதுக்கு ஜிஎஸ்டி மட்டும் கட்டிடுங்க” என்று 22,000 ரூபாய் பாகத்துக்கு 3,960 ரூபாய்க்குப் பில் நீட்டினார்கள். அவர் என்னிடம் தொலைபேசியைக் கொடுத்தார். பாகத்துக்கு என்னிடம் எவ்வளவு பணம் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றுமில்லாததற்குப் பதினெட்டு சதவீதம் எவ்வளவு என்று கேட்டேன். வாரண்டிக்கான பணத்தையும் அதன் மேலான வரியையும் வாங்கும்போதே வசூலித்தாகிவிட்டது. பிறகு மாற்றித் தரும்போது வாடிக்கையாளரிடம் எதுவும் வாங்காவிட்டால் அவரிடம் வரி கேட்கவும் இடமில்லை. முதல் வாரண்டியில் மாற்றும் பாகங்களைப் பற்றி 2023 சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. வாரண்டியில் அடங்காத ஏசி கேஸ், ஆயில் போன்றவற்றுக்குக் காசு வாங்கினால் அந்தக் காசுக்கு மட்டும் வரி போடலாம். பத்து நிமிடத்தில் புதுப் பில் வந்துவிட்டது என்று மைத்துனர் சொன்னார். கேட்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

என் கோரிக்கை இரண்டே இரண்டு. நீட்டிப்பு வாரண்டியை யார் கொடுத்தாலும், எந்த நாளில் வாங்கினாலும், தனிச் சேவையாக வைத்து 18 சதவீதம் மட்டுமே வசூலிக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைத்து வாரியம் மூன்றாவதாக ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டும். 2024இல் பாதி தூரம் வந்தவர்கள் மீதிப் பாதியை வருவது பெரிய காரியமல்ல; எல்லா மாநில அரசுகளுக்கும் மன்றத்தில் இடம் இருப்பதால், தமிழ்நாட்டு அரசும் இதை அங்கே எடுத்து வைக்கலாம். இதனால் மின்சாரக் கார் வாங்குபவர்களுக்கு நஷ்டம் என்பதை நான் மறைக்கவில்லை. இன்று காரோடு சேர்த்து 5 சதவீதத்தில் வாரண்டி வாங்க வாய்ப்புள்ளவர்கள் நாளை 18 கட்ட வேண்டியிருக்கும். என் உதாரணத்தில் 3,900 ரூபாய் கூடுதல். மின்சார வண்டியின் வாரண்டிக்கும் சலுகை வேண்டும் என்று அரசு நினைத்தால், அதற்கென்று தனி விகிதம் அறிவித்துக் கொடுக்கட்டும். யாருடைய பெயரில் பில் வந்தது என்ற தற்செயலைப் பொறுத்து ஒருவருக்குச் சலுகையும் இன்னொருவருக்கு அபராதமும் கிடைப்பது வரிக் கொள்கை ஆகாது.

இரண்டாவது கோரிக்கைக்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. கொட்டேஷன் தாளில் நீட்டிப்பு வாரண்டிக்கு எதிரே அதைக் கொடுப்பவர் யார், வரிக்கு முந்திய விலை என்ன, வரி விகிதம் என்ன என்ற மூன்றையும் அச்சிட வேண்டும் என்று மாநில வணிகவரித் துறை டீலர்களுக்கு அறிவுறுத்தினாலே போதும். அதுவரை வாங்குபவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பணம் கட்டுவதற்கு முன் மாதிரிப் பில்லைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி எதிரே காருக்குரிய 8703 என்ற வரி வகைப்பாட்டு எண்ணே இருந்தால் அதைக் காரோடு சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். 99இல் தொடங்கும் எண் இருந்தால் சேவையாகப் போட்டிருக்கிறார்கள். பில் கொடுப்பவரின் ஜிஎஸ்டி எண் இலக்கமும் எழுத்துமாக 15 இடங்கள் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் 33இல் தொடங்கும். வாரண்டி பில்லில் 06 என்றோ 27 என்றோ தொடங்கினால் ஹரியானாவிலோ மகாராஷ்டிராவிலோ பதிவு செய்தவர் நேரடியாகக் கொடுக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். 40 சதவீதம் கேட்டால், வாரண்டியை யார் கொடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அன்றைக்கு வாரண்டியை விட்டுவிட்டு, வண்டி கைக்கு வந்து சில வாரம் கழித்து எடுங்கள். பின்னாளில் எடுப்பது சேவைதான் என்பதில் 2024 சுற்றறிக்கைக்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. தாமதத்துக்காக விலையைக் கூட்டினாலும் அந்தக் கூடுதல் 6,600ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.

மருமகன் இரண்டாவது ஷோரூமில் வண்டியை எடுத்துவிட்டார். வாரண்டிக்கு 35,400 ரூபாய்க்குத் தனிப் பில் வந்தது. முதல் ஷோரூமின் கொட்டேஷனும் அந்தப் பில்லும் என் கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்தக் கடிதத்தைப் படிக்கும் வரித்துறை அதிகாரி யாராவது கேட்டால், ஷோரூம்களின் பெயரை மறைத்துவிட்டு இரண்டின் நகலையும் தங்கள் அலுவலகம் வழியாக அனுப்பிவைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணக்கர்,
திண்டுக்கல்.